வட்டத்தைப் பந்தாக்கும் வெள்ளைப் பொட்டு

கிம்ப் மென்பொருளில் படம் வரையக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வட்டம் போட்டு, நிறம் நிரப்பி, மேல்பக்கம் வெள்ளையாக ஒரு நீள்வட்டம் வைத்தால் கண்ணாடி உருண்டை போலப் பளபளவென்று வந்துவிடுகிறது. அதே நீள்வட்டத்தை நடுவுக்கு நகர்த்தினால் ஸ்டிக்கர் ஒட்டியது போல ஆகிவிடுகிறது. வெள்ளையும் அதேதான், வட்டமும் அதேதான். அப்புறம் ஏன் இப்படி?"

இந்தக் கேள்விக்குள் ஒளியியலும் இருக்கிறது, மூளை பார்க்கும் விதமும் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செய்முறை பலருக்கும் தெரிந்ததுதான். எலிப்ஸ் கருவியால் ஒரு வட்டம், அதில் மேல்பக்கம் வெளுத்துக் கீழே இருளும் ரேடியல் கிரேடியன்ட் (ஒரு புள்ளியிலிருந்து வட்டமாகப் பரவி மாறும் நிறம்), தனி லேயரில் (அடுக்கில்) வெள்ளை நீள்வட்டம், அந்த லேயருக்கு ஸ்கிரீன் மோட் (கீழே உள்ள நிறத்தை வெளுக்க வைக்கும் கலப்பு முறை). 2000 ஜனவரியில் ஆப்பிள் தன் அக்வா திரையமைப்பை அறிமுகப்படுத்திய பிறகு சில ஆண்டுகள் உலகமே இந்தப் பளபளப்பில் மூழ்கிக் கிடந்தது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஸ்டார்ட் பட்டன்கூட ஓர் உருண்டைதான்.

முதலில் கிரேடியன்ட்டைப் பார்த்துவிடுவோம். பளபளப்பில்லாத பரப்பு ஒன்றின் மேல் ஒளி எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ, அவ்வளவு வெளிச்சம் குறையும். சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்புதான் அந்தக் கணக்கு. 1760இல் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் வகுத்த விதி. விளக்கு நம் தலைக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், பந்தின் மையத்தில் வெளிச்சம் 100 சதவீதம். மையத்துக்கும் விளிம்புக்கும் பாதி வழியில் 87 சதவீதம். பத்தில் ஒன்பது பங்கு தூரம் போன பிறகும் 44 சதவீதம் மிச்சமிருக்கும். மீதமெல்லாம் கடைசி விளிம்பில் சட்டென்று இறங்கிவிடும். இதைக் கவனிக்காமல் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரே சீராக இருட்டிக்கொண்டு போனால் பந்து வராது, மேலிருந்து பார்த்த கூம்புதான் வரும்.

சரி, இனி அந்த வெள்ளைப் பொட்டு. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்தப் பொட்டு பந்தின் நிறமே அல்ல. அது விளக்கின் படம். பளபளப்பான எந்தப் பந்தும் ஒரு குவியாடிதான். எதிரே இருக்கும் விளக்கோ ஜன்னலோ அதில் சிறியதாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் பந்தின் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் மேற்பரப்பிலேயே மோதித் திரும்பிவிடும். மீதி உள்ளே போய், நிறமிகளில் பட்டுச் சிதறி, சிவப்போ நீலமோ ஆகி வெளியே வரும். அதனால்தான் சிவப்புப் பந்திலும் பொட்டு வெள்ளையாக இருக்கிறது. உள்ளே போகாத ஒளிக்குப் பந்தின் நிறம் ஒட்டாது. தங்கமும் செம்பும் இதற்கு விதிவிலக்கு. உலோகம் மேற்பரப்பிலேயே நிறத்தைப் பிரித்துவிடும் என்பதால் தங்க உருண்டையின் பொட்டு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். சிதறி வந்த ஒளியும் திரும்பி வந்த ஒளியும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடித்தான் கண்ணுக்கு வருகின்றன. ஸ்கிரீன் மோடில் நடப்பதும் இந்தக் கூட்டலின் ஒரு வடிவம்தான்.

பொட்டு விளக்கின் படம் என்று தெரிந்துவிட்டால், அதை எங்கே வைப்பது என்பதும் கணக்காகிவிடுகிறது. விளக்குக்கும் கண்ணுக்கும் நட்டநடுத் திசையைப் பார்த்தபடி பந்தின் எந்த இடம் இருக்கிறதோ, அங்கேதான் பிம்பம் தெரியும். விளக்கு பந்துக்கு நேர் மேலே, அதாவது நாம் பார்க்கும் திசைக்கு 90 பாகையில் தொங்குகிறது என்றால், நடுத் திசை 45 பாகை. பொட்டு மையத்திலிருந்து ஆரத்தில் 71 சதவீத உயரத்தில் அமரும். ஆனால் கிரேடியன்ட்டின் அதிக வெளிச்சமான இடம் அங்கே இல்லை. அது விளக்கை நேராகப் பார்க்கும் உச்சி விளிம்பில் இருக்கும். ஒரே விளக்குதான், இரண்டு வெளிச்சங்களும் இரண்டு இடங்களில். பலர் இரண்டையும் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். பந்து உயிரில்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் பாருங்கள். வட்டமான விளக்குதானே தொங்குகிறது, பொட்டு மட்டும் ஏன் நீள்வட்டம்? பந்தின் விளிம்பை நெருங்க நெருங்கப் பரப்பு நம்மைவிட்டு விலகித் திரும்புகிறது. அதனால் பிம்பம் விளிம்பை நோக்கிய திசையில் நசுங்குகிறது. நேர் மேலே இருக்கும் சிறிய வட்ட விளக்குக்குக் கணக்குப் போட்டால், பிம்பத்தின் அகலம் உயரத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. வாசகர் வைத்த நீள்வட்டம் அலங்காரத்துக்கு வந்தது இல்லை, வடிவியல் கேட்ட வடிவம் அது. முகம் பார்க்கும் கண்ணாடி போல முழுதும் எதிரொளிக்கும் பந்தாக இருந்தால் இன்னும் வியப்பு. நம் பக்கத்து அரை உலகம் முழுவதும் அந்த வட்டத்தின் உள் பாதிப் பரப்பில் அடங்கிவிடும், பந்துக்குப் பின்னால் இருக்கும் அரை உலகம் வெளிவளையத்தின் மறுபாதியில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு பந்தைப் படமெடுத்தால் ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதன் வெளிச்சமும் கிடைத்துவிடும் என்பதால்தான் சினிமா கிராஃபிக்ஸ்காரர்கள் படப்பிடிப்புத் தளத்தில் குரோம் பந்தை வைத்துப் படமெடுக்கிறார்கள். 1998இல் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக் வெளியிட்ட முறை இது.

பொட்டின் ஓரம் கூராக இருப்பதா, பரவி இருப்பதா என்பது பரப்பின் வழவழப்பைப் பொறுத்தது. இதற்கு எளிய கணக்கு சொன்னவர் வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங். 1973இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை அது. பிம்பம் விழவேண்டிய திசையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற கோணத்தின் கொசைனை எடுத்து, அதன் அடுக்கைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். 20 பாகை விலகிய இடத்தில் அடுக்கு 10 என்றால் 54 சதவீத ஒளி மிச்சமிருக்கும். மெழுகு பூசியதுபோன்ற மந்தமான மினுக்கம். அடுக்கு 100 என்றால் 0.2 சதவீதம்தான், பளிங்கு போன்ற கூர்மை. ஃபோங் 1975இல், 32 வயதில் காலமானார். அவர் சூத்திரமும் அதன் வழிவந்தவையும் இன்றுவரை கணினி விளையாட்டுகளுக்கு ஒளி கொடுக்கின்றன. அப்போது யூட்டாவின் கணினி வரைகலை ஆய்வுகளுக்குப் பெருமளவு பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான ஆர்ப்பா. பந்தில் பொட்டு வரைவதற்கு அரசுப் பணமா என்று யாராவது தடுத்திருந்தால் எத்தனை தொழில்கள் பிறக்காமல் போயிருக்கும்! இந்தியா தன் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதில்லை. உடனடிப் பயன் என்ன என்ற கேள்வியோடு அந்தச் சிறு தொகையையும் இறுக்கிப் பிடிப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது ஸ்டிக்கருக்கு வருவோம். 2007இல் பார்வை ஆய்வாளர் மோட்டோயோஷியும் அவருடைய சகாக்களும், படத்தில் உள்ள பிரகாசப் புள்ளிகளின் புள்ளிவிவரத்தைக் கொண்டே மூளை பளபளப்பை உணரலாம் என்றார்கள். 2009இல் பார்ட்டன் ஆண்டர்சன், ஜூனோ கிம் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். அவர்கள் பிரகாசப் பொட்டுகளை மட்டும் திருப்பியும் நகர்த்தியும் வைத்தார்கள். புள்ளிவிவரம் ஏறக்குறைய அப்படியே இருந்தது, பளபளப்பு மட்டும் போய்விட்டது. பொட்டுகள் பரப்பின் மேல் பட்ட வெள்ளைக் கறைகளாகத் தெரிந்தன. வாசகருக்கு நடந்ததும் இதுவே. மேலே இருக்கும்போது கிரேடியன்ட்டும் பொட்டும் ஒரே விளக்கைக் காட்டுகின்றன. நடுவுக்கு வந்ததும், விளக்கு உன் கண்ணருகே இருக்கிறது என்கிறது பொட்டு; இல்லை, மேலே இருக்கிறது என்கிறது கிரேடியன்ட். இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாததால் மூளை அந்த வெள்ளையைப் பெயின்ட் என்று முடிவு கட்டிவிடுகிறது.

அது சரி, விளக்கு மேலேதான் இருக்கும் என்று மூளை ஏன் நம்புகிறது? சூரியனுக்குக் கீழே வாழ்ந்து வந்த பழக்கம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் இதை எளிய வட்டங்களைக் கொண்டே காட்டினார். மேலே வெளுத்துக் கீழே இருண்ட வட்டங்கள் புடைத்துத் தெரியும். படத்தைத் தலைகீழாக்கினால் அவையே குழிகளாகிவிடும்.

கடைசியாக, கண்ணாடி உருண்டை வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. கோலிக்குண்டை வெயிலில் பிடித்தால் வெளிச்சம் படும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் ஒரு ஒளித்திட்டு தெரியும். உருண்டை ஒரு லென்ஸ் போல ஒளியைக் குவித்து அடிப்பக்கம் கொண்டு சேர்க்கிறது. எனவே உருண்டையின் கீழ்ப்பாதியிலும் மங்கலான ஒரு வெளிச்சம் வையுங்கள். ஆனால் அந்த லேயரில் வெள்ளை வேண்டாம், உருண்டையின் நிறத்தையே இன்னும் வெளிறலாகக் கொடுங்கள். உள்ளே போய் நிறம் ஏறி வந்த ஒளி அது.