நூலின் திசையும் இதழின் நிழலும்

ஒரே பச்சை நூலால் ஓர் இலையைத் தைத்துப் பாருங்கள். நடுநரம்புக்கு இடப்புறத் தையல்கள் ஒரு பக்கமாகவும் வலப்புறத் தையல்கள் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்திருக்கட்டும். ஜன்னலோரத்தில் வைத்தால் இலையின் ஒரு பாதி வெளிறியும் மறுபாதி அடர்ந்தும் தெரியும். துணியைக் கால் வட்டம் திருப்பினால் இரண்டு பாதிகளும் இடம் மாறிக்கொள்ளும். நூலும் மாறவில்லை, சாயமும் மாறவில்லை. நூலுக்கும் ஒளிக்கும் இடையே உள்ள கோணம்தான் மாறியது.

எம்பிராய்டரியில் படம் தைக்கக் கற்பவர்கள் பெரும்பாலும் தையல்களின் பெயர்ப்பட்டியலோடு தொடங்குகிறார்கள். சங்கிலித் தையல், காம்புத் தையல், சாட்டின் தையல் என்று ஒரு துணி முழுக்க மாதிரிகள் போட்டு நிரப்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு பூவையோ பறவையையோ நம்பும்படி துணியில் கொண்டுவர நான்கைந்து தையல்கள் போதும். அவற்றை எந்தத் திசையில் போடுவது என்பதில்தான் கலையின் பெரும்பகுதி இருக்கிறது. அதற்குக் காரணம் இயற்பியல்.

நூல் ஒரு மெல்லிய உருளை. தட்டையான கண்ணாடி தன்மேல் விழும் ஒளிக்கற்றையை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். உருளையோ அதைத் தன் நீள அச்சைச் சுற்றி ஒரு கூம்பாக விரித்து அனுப்பும். நூலுக்குக் குறுக்கே வரும் ஒளி, நூலுக்குக் குறுக்காகவே எல்லாப் பக்கமும் விரிகிறது. அதனால் எதிரே நிற்கும் நம் கண்ணுக்கும் ஒரு பங்கு வந்து சேர்கிறது. நூலின் நீளவாக்கில் சாய்ந்து வரும் ஒளி அதே போக்கில் வழுக்கிக்கொண்டு அப்பால் போய்விடுகிறது. நமக்கு நூலின் சாய நிறம் மட்டுமே தெரிகிறது, பளபளப்பு தெரிவதில்லை. படிய வாரிய கூந்தலில் ஒளிப்பட்டை முடிக்குக் குறுக்கே விழுவதும் இதே விதியால்தான். ஆக, இடப்பக்க ஜன்னலின் வெளிச்சத்தில் செங்குத்தான தையல்கள் மின்னும், கிடைமட்டத் தையல்கள் அடங்கி நிற்கும்.

இந்த மினுக்கம் எல்லா நூலிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பட்டிழை பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் வருவது. மேலிருக்கும் பசையை நீக்கினால் அதன் குறுக்குவெட்டு முனை மழுங்கிய முக்கோணம் போல இருக்கும். வழவழப்பான அந்தப் பரப்புகள் ஒளியைச் சிதறவிடாமல் திருப்புகின்றன. சீனாவின் சூசோ நகரக் கலைஞர்கள் பட்டு நூலை மேலும் மேலும் மெல்லிய இழைகளாகப் பிரித்துப் பூனையின் ரோமத்தையும் தங்கமீனின் வாலையும் தைப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். பருத்தி இழையின் நீளம் சில சென்டிமீட்டர்தான். காய்ந்ததும் தட்டையான நாடாவாக முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் பட்ட ஒளி கண்டபடி சிதறும்.

பருத்திக்கும் பட்டின் சாயலைத் தந்தது ஒரு வேதியியல் கண்டுபிடிப்பு. இங்கிலாந்தின் லங்காஷயரில் 1844-இல் ஜான் மெர்சர் என்பவர் பருத்தியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தபோது இழை உப்பி, முறுக்கு அவிழ்ந்து, வெட்டுமுகம் வட்டத்தை நெருங்கியது. சாயம் நன்றாகப் பிடித்தது, ஆனால் துணி சுருங்கியது. சுமார் 1890-இல் ஹொரேஸ் லோ, சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதே வேலையைச் செய்தார். அப்போதுதான் பளபளப்பு வந்தது. இன்று கடையில் வாங்கும் ஆறிழை எம்பிராய்டரி நூலின் மினுக்கத்துக்கு இவர்கள் இருவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த ஆறிழை நூலை அப்படியே ஊசியில் கோக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதற்கும் பொருள் இருக்கிறது. இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, வேண்டியவற்றை மறுபடி சேர்த்துக் கோத்தால், அவை ஒன்றையொன்று சுற்றாமல் அருகருகே படுக்கும். உருளைகள் எல்லாம் ஒரே திசை பார்ப்பதால் மினுக்கம் கூடும். துணியும் நன்றாக மூடும். ஒரு முறைக்கு முழங்கை அளவு, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நூல் போதும். ஒவ்வொரு முறை துணியைத் துளைத்து வரும்போதும் நூல் உராய்ந்து அதன்மேல் பிசிறு எழுகிறது. நீள நூலின் கடைசிப் பகுதி மங்கித் தெரிவது அந்தப் பிசிறால்தான்.

இனி ஒரு செம்பருத்தி இதழை எடுத்துக்கொள்வோம். ஓரம் இளஞ்சிவப்பு, அடி ஆழ்ந்த அரக்கு, இடையில் படிப்படியான மாற்றம். இதற்குரியது நெட்டையும் குட்டையும் மாறி மாறி வரும் தையல். முதல் வரிசை இதழின் ஓரத்திலிருந்து அடியை நோக்கி இறங்கும். வெளி விளிம்பு சீராக இருக்கும், உள் விளிம்பு வேண்டுமென்றே ஏறியிறங்கி இருக்கும். அடுத்த நிறத்தில் வரும் வரிசை முதல் வரிசைத் தையல்களின் முனையைப் பிளந்துகொண்டு அவற்றின் நடுவிலிருந்து கிளம்பும். திசை எப்போதும் இதழின் நரம்பு ஓடும் திசை. எல்லாத் தையல்களும் பூவின் அடியில் சந்திக்கப்போவது போல மெல்லத் திரும்பிக்கொண்டே வர வேண்டும். தைக்கத் தொடங்கும் முன் துணியிலேயே பென்சிலால் திசைக்கோடுகள் போட்டுக்கொள்வது தொழில் தெரிந்தவர்களும் கைவிடாத பழக்கம்.

ஏன் இந்த ஏற்ற இறக்கம்? அடுத்தடுத்த இரண்டு நிறச்சாயல்கள் நேர்க்கோட்டில் சந்தித்தால், அந்த எல்லையில் வெளிறியது இன்னும் வெளிறியும் அடர்ந்தது இன்னும் அடர்ந்தும் நமக்குத் தோன்றும். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் விளக்கிய விளைவு இது. விழித்திரையில் ஓரிடத்து நரம்பணுக்கள் பக்கத்தில் உள்ளவற்றை அடக்கி, விளிம்புகளைக் கூராக்கிக் காட்டுகின்றன. அந்த விளிம்பையே ஒழுங்கில்லாமல் உடைத்துவிட்டால் கூராக்குவதற்கு எதுவும் இருக்காது. சற்றுத் தள்ளி நின்றால் கலவை முழுமையாகும். மனிதக் கண் ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வரைதான் பிரித்தறியும். ஒற்றை இழையின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு சிவப்புகளில் ஒவ்வோர் இழை எடுத்து ஒரே ஊசியில் கோத்துத் தைத்தால், கடையில் இல்லாத மூன்றாவது சிவப்பு நம் கண்ணுக்குள் பிறக்கும்.

நிறத்தேர்வுக்கு வழிகாட்ட ஒரு வேதியியலாளர் இருக்கிறார். மிஷெல் செவ்ரல், பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயத் துறையின் தலைவர். கருப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்ததில் சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்ததால்தான் கருப்பு தன் வலுவை இழந்திருந்தது. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839-இல் விரிவான புத்தகமாகவே எழுதினார். ஆகவே நூற்கண்டுகளைத் தனித்தனியே உள்ளங்கையில் வைத்து நிறம் தேர்வது பயன் தராது. அவற்றைத் துணியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

நிறங்கள் குறைவாக இருந்தாலும் படம் பேசும் என்பதற்கு பிரான்சின் பேயூ நகரில் போற்றப்படும் 11-ஆம் நூற்றாண்டுத் துணி சான்று. ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள லினன் துணியில் கம்பளி நூலால் தைத்த போர்க்கதை அது. சாயல் சாயலாக நிழல் காட்ட அதைத் தைத்தவர்களிடம் நூல் இல்லை. குதிரையின் அப்பால் இருக்கும் கால்களை மட்டும் வேறு நிறத்தில் தைத்து ஆழத்தைக் காட்டிவிட்டார்கள். நிரப்புவதற்கும் சிக்கனமான வழி. நூலைத் துணியின் மேற்பரப்பில் நெருக்கமாகக் கிடத்தி, குறுக்கே சில நூல்களை ஓட்டி, சிறு தையல்களால் பிடித்துக்கொள்வது. பின்புறத்தில் நூல் ஏறக்குறைய வீணாவதே இல்லை. பெரிய வானத்தையோ வயலையோ தைக்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் இதையே சொல்வேன்.

செம்பருத்திக்குத் திரும்பினால், நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் மகரந்தப் பைகள் மிச்சம். அவற்றுக்கு பிரெஞ்சு முடிச்சு: ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வெளிவந்த இடத்தை ஒட்டியே உள்ளே இறக்குவது. முடிச்சில் நூல் எல்லாத் திசையிலும் வளைவதால் பளபளப்பு உடைந்துபோகிறது. கூடவே ஒவ்வொரு முடிச்சும் தன் நிழலைத் தானே போடுகிறது. மின்னும் இதழுக்கு நடுவே மினுக்கமற்ற, மேடான மஞ்சள் தனித்து நிற்கும்.

நம் ஊர் தையற்கடைகளில் மணப்பெண் ரவிக்கைக்கு ஆரி ஊசியால் போடும் சங்கிலித் தையல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கண்ணி கண்ணியாக ஒரு திசையில் ஓடினாலும் கண்ணிக்குக் கண்ணி நூல் வளைவதால், நேராக நெருக்கி அருகருகே போடும் சாட்டின் தையலின் வழவழப்பு வராது. ஆனால் எந்த வளைவிலும் முறியாமல் திரும்பும். கொடிகளுக்கும் சுருள்களுக்கும் அதைவிடப் பொருத்தமானது இல்லை.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் துணியின் சுருக்கம்தான். இழுத்துத் தைத்த நூல் தளர விரும்பும்போது துணியையும் சேர்த்துச் சுருட்டுகிறது. வங்காளத்துக் காந்தா வேலையில் ஓட்டுத் தையல்களுக்கு இடையே எழும் சிற்றலைகளின் பிறப்பிடமும் இதுவே. அங்கே அது அழகு. படத்தில் அது குறை. துணியின் நெடுக்கு, குறுக்கு நூல்களான பாவும் ஊடையும் தைக்கும் ஃபிரேமின் சட்டங்களுக்கு நேராக இருக்கும்படி துணியை மாட்ட வேண்டும், ஏனென்றால் குறுக்குச் சாய்வில்தான் துணி அதிகம் நீளும். தையல் துணியின்மேல் படிந்து கிடக்கும் அளவுக்கு மட்டுமே நூலை இழுக்க வேண்டும். சாட்டின் தையல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் தொய்ந்து எதிலாவது சிக்கும். அந்த இடத்தை இரண்டாகப் பிரித்துத் தைப்பது நல்லது.

நூலுக்குத் தடிமன் உண்டு என்பதால் தைக்கும் வரிசையும் முக்கியம். பின்னால் இருக்கும் இதழை முதலிலும், முன்னால் இருப்பதை அடுத்தும், முடிச்சுகளைக் கடைசியிலும் போட வேண்டும். முடிந்ததும் தையல் முகம் கீழே இருக்கும்படி தடித்த துவாலையின்மேல் கவிழ்த்துப் பின்புறமாக இஸ்திரி போடலாம். கண்ணாடிச் சட்டம் போடுபவரிடம் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் நசுங்குவது மகரந்த முடிச்சுகள்தான்.