மற்றக் காலையும் காட்டுங்கள்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை என்னிடம் காட்டக் கூட்டி வந்திருந்தார் அதன் அம்மா. அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் வேலையையும் சம்பளத்தையும், விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். "படி இறங்குறப்ப வலது முழங்கால்ல 'டொக்'குனு சத்தம் வருதுங்க மிஸ். விழவும் இல்ல, அடிபடவும் இல்ல. ரெண்டு தடவ சுளுக்கு எடுத்தாச்சு, எண்ணெயும் தேச்சாச்சு."

பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்கால் மூட்டின் வெளிப்பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மடக்கிய காலை மெதுவாக நீட்டினேன். முழுதாக நீள்வதற்குக் கொஞ்சம் முன்னால், விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டு தாவியது, டொக். அம்மாவின் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்து மறுபடியும் நீட்டிக் காட்டினேன், அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அடுத்ததாகப் பிள்ளையைக் குப்புறப் படுக்கவிட்டு, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே இருக்கும்படி வைத்துக் குதிகால்களைப் பார்ப்போம். ஒரு முழங்கால் சரியாக நீளாவிட்டால் அந்தப் பக்கக் குதிகால் உயர்ந்து நிற்கும். இவளுக்கு இரண்டும் ஒரே மட்டம். அப்போ சரி என்று எழுதிவிடலாம், ஆனால் நிமிர்த்திப் படுக்க வைத்துப் பார்த்தால் இரண்டு முழங்கால்களுமே கட்டிலில் படியவில்லை, இரண்டுக்கு அடியிலும் என் கை போகிற அளவு இடைவெளி. இடது காலையும் மடக்கி நீட்டினேன். வலியில்லை என்று சொன்ன அந்தக் காலிலும் அதே தாவல், கொஞ்சம் மெல்லியதாக.

இந்தப் பிரச்சினைக்கு டிஸ்கொயிட் மெனிஸ்கஸ் என்று பெயர். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், உட்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு கசியிழைய (குருத்தெலும்பு) துண்டுகள் மெத்தை மாதிரி இருக்கின்றன, அவைதான் மெனிஸ்கஸ். வழக்கமாகப் பிறை வடிவில் இருக்கும், நடுவில் கடித்துவிட்டு வைத்த ரொட்டி மாதிரி. சிலருக்கு அது கடிக்காத முழு ரொட்டியாக, தடிப்பாகவும் இருந்துவிடுகிறது. பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான், உட்பக்கத்தில் மிக அரிது. ஆசியர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பின்பக்கம் எலும்போடு பிடிப்பே இல்லாத ஒரு வகையும் உண்டு, அதில் மெனிஸ்கஸ் இடம் மாறித் தாவுவதால் சத்தம் பலமாகவே கேட்கும்.

அந்த அம்மா ரொம்ப நேரம் தயங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இவ வயித்துல இருந்தப்ப நான் கொழுந்துக் கூடை தூக்குனதாலயா மிஸ்?" இல்லை. இதைப் படிக்கிற எந்தத் தாய்க்கும் அதே பதில்தான். இது பிறவியிலேயே அமைந்துவிடுவது, யாரும் செய்ததும் இல்லை, செய்யாமல் விட்டதும் இல்லை. மலையில் ஏறி இறங்குவதாலும் வருவதில்லை. லயத்து வீட்டு வரிசையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகள் உள்ளே இருந்ததை வெளியே காட்டிக்கொடுக்கின்றன, அவ்வளவுதான். இதை 1889ல் யங் என்பவர் முதலில் விவரித்ததே ஓர் இறந்த உடலைப் பரிசோதித்தபோதுதான். வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

சரி, இரண்டு காலிலும் வருமா? பழைய பாடநூல்களில் ஐந்தில் ஒருவருக்கு இருபக்கமும் என்று இருக்கும். வலியில்லாத காலையும் சேர்த்துப் பார்த்த கிழக்காசிய ஆய்வுகளில் இந்த எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் சொல்கிறேன், நாங்கள் எப்போதும் "நல்ல" காலை அளவுகோலாக வைத்து நோயுள்ள காலை ஒப்பிடுகிறோம், தொடைச் சுற்றளவு, நீட்டம், குதிகால் மட்டம் எல்லாமே அப்படித்தான், இந்த நோயில் அந்த அளவுகோலே பிழையாக இருக்கலாம். உங்கள் பிள்ளையின் ஒரு காலை மட்டும் பார்த்துவிட்டுத் மருந்துத் துண்டு எழுதினால், மற்றதையும் ஒருமுறை பாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

எக்ஸ்ரேயில் வெளிப்பக்க இடைவெளி சற்று அகலமாகத் தெரியலாம், பல பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது. எக்ஸ்ரே நோர்மல் என்றதும் கிளினிக் கொப்பியை மூடி வைத்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும், அதற்கு நம்மில் பலர் கண்டி வரை போகவேண்டியிருக்கும், பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகும் என்பது எனக்குத் தெரியும். சத்தம் மட்டும் இருந்து வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் அவசரமில்லை. ஆனால் வீங்கினால், கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது முழங்கால் சட்டென்று தளர்ந்து விட்டுக்கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தடித்த மெனிஸ்கஸின் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை, இரத்த ஓட்டமும் வெளி விளிம்பில்தான், அதனால் அடிபடாமலே கிழிந்துவிடலாம், கிழிந்தது லேசில் ஆறாது. பூட்டிய காலைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவது வேண்டவே வேண்டாம். எண்ணெய் தோலுக்கு இதமாக இருக்கும், மூட்டுக்குள்ளே போகாது.

தொந்தரவு இல்லாத டிஸ்கொயிட் மெனிஸ்கஸை அப்படியே விட்டுவிட வேண்டும், ஸ்கேனில் தெரிந்தது என்பதற்காக வெட்டக்கூடாது. தொந்தரவு இருந்தால் சிறு துளைகள் வழியாகக் கமரா விட்டு, நடுப்பகுதியை மட்டும் செதுக்கி 6 முதல் 8 மில்லிமீட்டர் விளிம்பை விட்டுவைப்பார்கள், பிடிப்பில்லாவிட்டால் தைப்பார்கள். முன்பு முழுவதையும் எடுத்துவிடுவது வழக்கம். அப்படி எடுத்த பலருக்கு இளவயதிலேயே மூட்டு தேய்ந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த மாற்றம் வந்தது.

அந்தப் பிள்ளையின் வலது கால் மெனிஸ்கஸ் கிழிந்திருந்தது, சத்திரசிகிச்சை முடிந்து தொடைத் தசைப் பயிற்சியும் முடிந்துவிட்டது. இடது காலில் கத்தி வைக்கவில்லை, சத்தம் இருக்கிறது, வலி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். போன முறை நான் சொல்வதற்கு முன்பே கட்டிலில் ஏறி இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டாள்.