அலர்ட் – விழிப்பூட்டல்

‘ஆல் எர்த்தா’ என்றால் இத்தாலிய மொழியில் ‘மேட்டின்மேல்’ என்று பொருள். உயரத்தில் நின்று கண்காணிக்கும் காவலருக்கான குரல் அது. பிரெஞ்சு வழியே ஆங்கிலம் சேர்ந்து, ‘அலர்ட்’ என நம்மிடம் வந்தது. நாம் பேச்சில் சொல்லும் ‘உஷார்’ பாரசீக வழி வந்தது.

அலர்ட்டுக்கு நேர்ச்சொல் விழிப்பூட்டல். ‘எச்சரிக்கை’யை இதற்கும் போட்டால் குழப்பம்தான். இந்திய வானிலைத் துறையின் நிற வரிசையில் மஞ்சள் கவனித்திருக்க, ஆரஞ்சு தயாராக, சிவப்பு உடனே செயல்பட. அலர்ட் என்ற சொல் ஆரஞ்சுக்கே உரியது, சிவப்புக்கு உரியது எச்சரிக்கை. ‘ரெட் அலர்ட்’ ஊர்வழக்கு.

இராமநாதபுரம் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாவட்டத்துக்கு வரும் நிறம் பெரும்பாலும் மழைக்கானது. கடலுக்குப் போகலாமா என்பதை மீனவர்களுக்கான தனி அறிவிப்புதான் சொல்லும்: ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ. சூறாவளிக்காற்று’. அதிலும் பாக் நீரிணையா, மன்னார் வளைகுடாவா என்று பார்க்க வேண்டும். வாடைக் காலத்தில் பாம்பனின் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கலாம். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் நேர்மாறு.

இவ்வளவு இருந்தும் வானிலைச் செய்திகளை வாட்ஸ்அப்பில் படித்துப் பார்க்காமல் பகிர்கிறார்களே என்று கடிந்துகொள்வது நியாயமில்லை. படகு கரையை விட்டுத் தள்ளிப் போனதும் செல்பேசித் தொடர்பு அறுந்துவிடும். வீட்டிலிருப்பவர் கையில் உள்ளது ஒரு செய்திதான்; அதை அனுப்புவதே அவரால் முடிந்த உதவி. ‘இது உண்மையா?’ என்று கேட்கவும் பலர் பகிர்கிறார்கள். அந்தக் கேள்விக்குறி அடுத்த கைக்குப் போகும்போது உதிர்ந்துவிடுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த கரை இது. சும்மா இருக்க இங்கே மனம் வராது.

ஆகவே பகிருங்கள், நான்கு விவரங்களோடு: வெளியிட்டது யார், எந்தத் தேதி எத்தனை மணிக்கு, எந்தக் கடற்பகுதி, எந்த நேரம்வரை செல்லுபடியாகும். நேரத்தை வெட்டிவிட்ட ஸ்கிரீன்ஷாட்தான் அடுத்த ஆண்டும் புதுச் செய்தியாகத் திரும்பி வரும். துறைமுகப் புயல் கூண்டைப் படமெடுத்தால் எண்ணோடு தேதியையும் எழுதுங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் பலமுறை கைமாறிய செய்தி, மூலத்தைத் தேடுங்கள். படகு திரும்பவில்லை என்றால் குழுவில் போடுமுன் கடலோரக் காவல்படையை 1554இல் அழையுங்கள்.

தவறாக அனுப்பிவிட்டால், ‘அனைவருக்கும் நீக்கு’ உங்கள் குழுவில் மட்டுமே அழிக்கும். பிறர் அனுப்பிய நகல்கள் அப்படியே இருக்கும். திருத்தத்தை அதே குழுவில், பழைய செய்தியின் முதல் வரியோடு சேர்த்து இடுங்கள்.