வலிக்காத ஈரல், கேட்காத கேள்வி

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கானா, காம்பியா போன்ற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். டாக்சி ஓட்டுகிறார்கள், முடி பின்னும் கடை நடத்துகிறார்கள், முதியோர் இல்லங்களில் இரவுப்பணி பார்க்கிறார்கள். இவர்களில் கணிசமானோர் உடலில் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. அவர்களுடைய அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இந்த வைரஸின் போக்கே அப்படி. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உடலே அதை விரட்டிவிடும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினாலோ, நூற்றுக்கு 90 குழந்தைகளிடம் நிலைத்துவிடுகிறது. முதிராத நோயெதிர்ப்பு ஆற்றல் வைரஸை எதிர்க்காமல் விட்டுவிடுகிறது. காமாலை அந்த எதிர்ப்பின் விளைவு என்பதால், எதிர்ப்பு இல்லாத இடத்தில் அறிகுறியும் இல்லை. ஈரலின் உட்பகுதியோ வலியே அறியாதது. பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமோ புற்றுநோயோ வந்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் இளவயதிலேயே வருவதுண்டு. ஈரல் சுருங்காமலேயே வருவதும் உண்டு.

உடல் சொல்லாததை மருத்துவமனைதான் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே நிரப்பித் தரும் படிவத்தைப் பாருங்கள்: ‘கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்று ஒரே கட்டம். பல தலைமுறைகளாக அமெரிக்காவில் வாழ்பவரும், போன வருடம் காம்பியாவின் தலைநகர் பாஞ்சுலிலிருந்து வந்தவரும் அதே கட்டத்தில்தான் குறியிடுகிறார்கள். ஈரலைப் பொறுத்தவரை இவ்விருவரின் ஆபத்தும் ஒன்றல்ல. நோய் அதிகமுள்ள நாடுகளில் பிறந்தவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்ற பரிந்துரை 2008 முதலே இருந்தது. ஆனால் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டால்தானே அது பயன்படும்?

தடுப்பூசி போட்டுக்கொண்டதால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஏற்கெனவே உள்ளே குடியேறிய வைரஸை எந்தத் தடுப்பூசியும் வெளியேற்றாது. ஊரில் பிறந்தவுடன் போட்டிருந்தால் அது பாதுகாத்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பகுதியிலோ 2022இல் நூற்றுக்கு 18 குழந்தைகளுக்குத்தான் பிறந்தவுடன் அந்த ஊசி கிடைத்தது.

பணமும் பெரிய தடை. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிரீன் கார்டு பெற்றவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்களுக்கான மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் தன் சொந்தப் பணத்தில் இதை ஈடுகட்டுகிறது. பல மாநிலங்கள் அப்படிச் செய்வதில்லை. டாக்சிக்காரருக்கு மருத்துவமனையில் கழியும் பகல் வருமானமில்லாத பகல். தொற்று இருப்பது வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும், தட்டைத் தனியே வைத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. உண்மையில் சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது.

2023இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வயதுவந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரே முறை எடுக்கும் ரத்தத்தில் மூன்று விடைகள் கிடைத்துவிடும்: இப்போது தொற்று இருக்கிறதா, முன்பு வந்துபோனதா, எதிர்ப்பாற்றல் உண்டா. எல்லோருக்கும் பொது என்றாகிவிட்டால் யாரையும் தனியே சுட்ட வேண்டியதில்லை. இதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் தொற்று உறுதியானவர்களில் புற்றுநோய் ஆபத்துள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. பலருக்குத் தினமும் மாத்திரையும் தேவை. பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளாமல், இவற்றுக்கும் காப்பீடு கிடைக்கச் செய்ய வேண்டும்.