தீ அணைந்ததும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்

கொழுந்துவிட்டு எரியும் கட்டடத்துக்குள் போகும் வீரரிடம் மாஸ்க்கைப் போடச் சொல்ல வேண்டியதில்லை. புகையே போட வைத்துவிடும். தீயணைப்புத் துறையில் பணிப் பாதுகாப்பைக் கவனிக்கும் எனக்குத் தலைவலி அதற்கு அப்புறம்தான். சுடர் அடங்கி, இடிபாடுகளைக் கிளறி, கனன்று கிடப்பதைத் தேடித் தேடி அணைக்கும் நேரம் அது. புகை அதிகம் தெரியாது. வியர்வை வழியும், முதுகில் மாஸ்க்குக்குக் காற்று தரும் சிலிண்டர் அழுத்தும். ஒருவர் மாஸ்க்கைக் கழற்றினால் போதும், அடுத்த நிமிடம் குழுவே கழற்றிவிடும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆனால் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். மெத்தை நுரையும் நைலானும் கருகினால் ஹைட்ரஜன் சயனைடு வரும். பழைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளும் பறக்கலாம். நச்சு வாயுவை அளக்கும் கேஸ் மீட்டர் சத்தம் போடவில்லை என்பதை நம்பி மாஸ்க்கை எடுப்பவர்கள் உண்டு. அந்த இழைகளை மீட்டர் அளக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2007இல் சற்றுத் தயங்கித்தான் சொன்னது. 2022இல் தயக்கம் போய்விட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் முதல் பிரிவிலேயே இந்தப் பணியையும் சேர்த்தது. மீசோதெலியோமா (நுரையீரல் போன்ற உறுப்புகளைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்), சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இரண்டுக்கும் போதிய சான்று இருப்பதாகவும் சொன்னது.

நச்சு மூக்கு வழியாக மட்டும் ஏறுவதில்லை. வேலை முடிந்து வரும் வீரரின் தாடைக்குக் கீழே, கழுத்தில் ஒரு வெள்ளை ஈரத்துணியை வைத்துத் துடைத்துப் பாருங்கள், கரியாக வரும். தலையுறையைத் தாண்டித் தோலில் படிந்தது அது. அதனால் மாஸ்க் முகத்தில் இருக்கும்போதே கோட்டைத் தண்ணீரும் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். பிறகு கழற்றிப் பையில் கட்டி, ஆட்கள் உட்காரும் கேபினில் வைக்காமல் தனியாக ஏற்ற வேண்டும். கை, கழுத்து, முகத்தை அங்கேயே துடைத்துவிட்டு, நிலையத்துக்கு வந்ததும் குளியல். கரி படிந்த கோட்டைப் பெருமையாகப் போட்டுத் திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் முழுப் பழியையும் வீரர் தலையில் போடுவது நியாயமில்லை. கையிருப்பில் சிலிண்டர் இல்லாத இடத்தில் "கழற்றாதே" என்று கத்தி என்ன பயன்? ஒரே ஒரு செட் உடுப்பு வைத்திருப்பவர் அதைத் துவைக்கப் போட்டால் இரவு அழைப்புக்கு எதைப் போட்டுக்கொண்டு ஓடுவார்? ஆளுக்கு இரண்டு செட், வண்டியில் உபரி சிலிண்டர், மாஸ்க்கை எப்போது எடுக்கலாம் என்று முடிவெடுக்க ஒரே ஒரு அதிகாரி. நிர்வாகம் இதைச் செய்துவிட்டு அப்புறம் ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசட்டும்.

அப்படியே பதிவேட்டையும் திருத்துங்கள். எரிந்த பொருளின் மதிப்பு அதில் தவறாமல் இருக்கும். உள்ளே யார், எவ்வளவு நேரம், என்ன புகையில் நின்றார் என்பது இருக்காது. மீசோதெலியோமா தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அன்றைக்கு ஓய்வூதியக்காரரான அவர் இழப்பீடு கேட்டு வந்தால், கையில் காட்ட அந்த ஒரு வரி வேண்டும்.