மறுதழைவு: காடு தானாக வருவதற்கு என்ன பெயர்?

உருவாகு, உருவாக்கு. நடுவே ஒரே ஒரு ‘க்’தான் கூடுகிறது. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்வது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். காட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

‘நேச்சுரல் ரீஜெனரேஷன்’ என்ற வனவியல் சொல்லைச் சூழலியல் கட்டுரைகளில் பெரும்பாலும் ‘இயற்கை மீளுருவாக்கம்’ என்று எழுதுகிறார்கள். யாரும் நடாமல், விழுந்த விதையிலிருந்தோ, வெட்டுப்பட்ட கட்டையிலிருந்தோ, மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் வேரிலிருந்தோ மரங்கள் மறுபடி எழும்புவதைக் குறிக்கும் சொல் அது. யாரும் உருவாக்கவில்லை என்பதுதான் அதன் உயிர். அதையே ‘உருவாக்கம்’ என்றால், குழி தோண்டிக் கன்று நட்டு, பக்கத்தில் பெயர்ப்பலகை வைத்த காட்சிதான் மனதில் வருகிறது.

‘ஆக்கம்’ என்பதற்கு ஆகுதல், பெருகுதல் என்ற பழம்பொருளும் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. குறளில் அது செல்வப் பெருக்கத்தையும் குறிக்கிறது. ஆனால் ‘உருவாக்கம்’ என்று ஒட்டியபின் இன்றைய காது அப்படிக் கேட்பதில்லை.

ரீஜெனரேஷன் லத்தீனிலிருந்து வந்தது. ‘ரீ’ என்றால் மறுபடி, ‘கெனெராரே’ என்றால் ஈனுதல், பிறப்பித்தல். மரத்துக்கு வருமுன் அது சமயச் சொல்லாகத்தான் புழங்கியது. தமிழ் வேதாகமத்தில் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் ‘மறுஜென்ம முழுக்கு’ என்று வருகிறதே, அந்த இடத்தில் ஆங்கில வேதாகமத்தில் நிற்பது இந்தச் சொல்தான். ஆக, அங்கும் மூலப்பொருள் பிறப்பு. செய்து முடித்த பண்டம் அல்ல.

நம்மிடம் இதற்கான வினைகள் ஏராளம். முளைத்தது, துளிர்த்தது, தழைத்தது. மூன்றும் தன்வினை. இன்னொரு பழைய சொல் ‘கலித்தல்’, அதாவது செழித்துத் தழைத்தல். குறுந்தொகையின் 204ஆம் பாட்டில் மிளைப்பெருங்கந்தன் ‘முதைச்சுவல் கலித்த முற்றா இளம்புல்’ என்கிறார். முதை என்பது பழங்கொல்லை, சுவல் என்பது மேடு. எப்போதோ உழுது விட்ட மேட்டு நிலத்தில் யாரும் விதைக்காமல் இளம்புல் எழுந்திருக்கிறது. கிழப்பசு ஒன்று அதை நாவால் தடவிப் பார்க்கிறது. பாட்டு காமத்தைப் பற்றியது. ஆனாலும் கைவிட்ட நிலம் தானாகப் பசுமை திரும்புவதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வரி எனக்குத் தெரியாது. ‘கலிப்பு’ என்று கலைச்சொல் ஆக்கலாமே என்று ஆசை வரும். கலி என்றதும் கலிகாலம்தான் நினைவுக்கு வரும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சொல்லை உரசிப் பார்க்க நைஜருக்குப் போவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் நாடு. 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் அங்கே மராடி பகுதியில் கன்று நட்டுக்கொண்டிருந்தார். நட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. 1983இல் ஒரு நாள், மணலில் வண்டி புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைக்க இறங்கினார். அப்போது ஒரு புதரைக் கவனித்தார். ஒட்டகக் குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை. நம் ஊர் மந்தாரை, ஆத்தி இவற்றின் இலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே உறவுதான். அது புதரே அல்ல, வெட்டப்பட்ட மரத்தின் கட்டையிலிருந்து வந்த துளிர். வயலெங்கும் அப்படிப்பட்ட கட்டைகள் மண்ணுக்கடியில் உயிரோடு கிடந்தன. ஆண்டுதோறும் அவை துளிர்க்கும், விதைப்புக்கு முன் உழவர்கள் வெட்டி எறிவார்கள்.

செய்யவேண்டிய வேலை எளிது. ஒரு கட்டையில் கொத்தாக எழும் துளிர்களில் வலுவான நாலைந்தை விட்டு மற்றதை வெட்டுவது, விட்ட தண்டுகளில் கீழ்க்கிளைகளைக் கழிப்பது, ஆடு கடிக்காமலும் தீ அண்டாமலும் பார்த்துக்கொள்வது. அரிவாளே போதும், நாற்றங்கால் வேண்டாம். பின்னாளில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரங்கள் திரும்பியிருப்பதாகக் கணித்தார்கள். ரினாடோவுக்கு 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

இந்தக் கட்டைத் துளிருக்குத் தமிழ் உழவரிடம் பெயர் இருக்கிறது: மறுதாம்பு. கரும்பை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து வரும் அடுத்த பயிரை மறுதாம்பு என்போம், கட்டைக்கரும்பு என்றும் சொல்வோம். வனவியல் நூலில் ‘காப்பிஸ்’ என்று வரும் இடத்தில் நான் மறுதாம்பு என்றே எழுதுவேன். விதையில் வருவது முளை, கட்டையில் வருவது மறுதாம்பு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘மறுதழைவு’. தழைவு பழைய சொல்தான், ‘மறு’ மட்டும் நான் சேர்த்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லில் பாராட்டு ஏறிவிடக் கூடாது. இராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டியவர்களைக் கேளுங்கள். வேரோடு தோண்டாமல் வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாக மறுதாம்பு விட்டு நிற்கும். அதுவும் மறுதழைவுதான்.

இந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும் இன்னொரு தொடர், ‘ஒருங்கிணைந்த நிலப்பரப்பு மேலாண்மை’. நிலப்பரப்பு என்றதும் எனக்குச் சதுர கிலோமீட்டர் கணக்குதான் தோன்றுகிறது. ஆங்கிலத்தின் ‘லேண்ட்ஸ்கேப்’ டச்சு ஓவியர்களிடமிருந்து வந்த சொல், அது கண்ணுக்குத் தெரியும் காட்சி. இங்கே பேசுவதோ காடு, வயல், மேய்ச்சல், நீர், அங்கே பிழைக்கும் மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து முடிவெடுப்பதை. ‘திணை’ என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. நிலமும் பொழுதும் தொழிலும் அதில் அடங்கும். ஆனால் உயர்திணை, அஃறிணை என்று இலக்கணம் ஏற்கெனவே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நிலப்பரப்பையே வைத்துக்கொள்ளலாம், பொருளைத்தான் விளக்கவேண்டும்.

நைஜரில் அந்தப் பொருள் தெளிவாகத் தெரிந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலச் சட்டத்தின் வழியில் மரம் அரசுக்குச் சொந்தமாக இருந்தது. தன் வயலில் வளர்ந்ததை வெட்டினாலும் உழவருக்கு அபராதம் என்றால், அவர் எதற்குத் துளிரை விட்டுவைப்பார்? அந்தக் கெடுபிடி தளர்ந்து, மேய்ச்சல்காரர்களோடும் பேசி முடித்த இடங்களில்தான் மரம் நின்றது. பயிரோடும் மரம் ஒத்துப்போகவேண்டும். அங்கே ‘காவோ’ என்றொரு மரம், வேலமரத்துக்கு உறவு. மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கோடையில் தழைக்கும். அதனடியில் கம்பு விதைத்தால் வெயில் தடைபடாது, உதிர்ந்த இலை உரமாகும், காய் ஆடுமாடுகளுக்குத் தீனி.

அங்கு நடந்ததற்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் உண்டு. ‘விவசாயிகளால் நிர்வகிக்கப்படும் இயற்கை மீளுருவாக்கம்’ என்று அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். ‘உழவர் பேணும் மறுதழைவு’ என்றும் எழுதலாம். ‘பத்து ஏக்கரில் காடு மீளுருவாக்கப்பட்டது’ என்று எழுதத் தோன்றினால், அங்கே யாராவது கன்று நட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடவில்லை என்றால், ‘பத்து ஏக்கரில் காடு மறுபடி தழைத்திருக்கிறது’ என்று எழுதினால் போதும்.