ஆண் என்று எழுதிய குழியில் எக்ஸ்ஐஎஸ்டி

மரபணு வெளிப்பாட்டுத் தரவு, அதாவது ஒவ்வொருவரிடமும் எந்த மரபணு எவ்வளவு ஆர்என்ஏ தருகிறது என்ற அளவுகள், கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது இரண்டே மரபணுக்களை: எக்ஸ்ஐஎஸ்டி, ஆர்பிஎஸ்4ஒய்1. முதலாவது பெண்களிடம் உச்சத்தில் இருக்கும். இரண்டாவது ஒய் குரோமோசோமில் உள்ளது. ஆண்களிடம் மட்டும் தெரியும்.

ஒருமுறை 'ஆண்' என்று குறித்த மாதிரியில் எக்ஸ்ஐஎஸ்டி ஏறி நின்றது. பக்கத்து மாதிரியில் தலைகீழ். மாதிரிகளை ஊற்றிவைக்கும் 96 குழித் தட்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு வரிசை முழுக்க ஒரு குழி தள்ளிப் போயிருந்தது. ஆணும் பெண்ணும் இடம் மாறியதால் அந்த இரண்டு சிக்கின. ஆணும் ஆணும் மாறிய குழிகள் பாலினச் சோதனையில் ஒழுங்காகத் தேறிவிட்டன! ஆர்என்ஏ வாசிப்புகளில் (கருவி படித்த சிறு துண்டுகளில்) தெரியும் எஸ்என்பி-களை, அதாவது ஆளுக்கு ஆள் மாறும் ஒற்றை எழுத்துகளை, அதே நபரின் டிஎன்ஏ-வோடு ஒப்பிட்ட பிறகே அவை வெளிவந்தன.

இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். வெளியான ஐந்து தரவுத்தொகுப்புகளை 2011இல் சோதித்தபோது சராசரியாக 3% மாதிரிகள் மாறியிருந்தன. ஒன்றில் மட்டும் 23%. அவற்றைச் சரிசெய்ததும் அருகமை இக்யூடிஎல்-கள், அதாவது பக்கத்து மரபணுவின் ஆர்என்ஏ அளவை மாற்றும் டிஎன்ஏ இடங்கள், சராசரியாக 15% கூடுதலாகக் கிடைத்தன.

மாதிரி மாறினால் இருப்பது மறையும். இல்லாதது முளைப்பதுதான் எனக்குப் பெரிய பயம். மைக்ரோஅரே என்பது ஆர்என்ஏ அளவை அளக்கும் சில்லு. ஆர்என்ஏவைப் பிடிக்க அதில் இருக்கும் ப்ரோப், பெரும்பாலும் 25 அல்லது 50 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு. அது ஒட்டும் இடத்திலேயே ஒரு எஸ்என்பி இருந்தால் பிடிப்பு தளரும். ஆர்என்ஏ குறையாமலே குறைந்ததாகக் காட்டும். முடிவு தற்செயலா என்று எடைபோடும் பி-மதிப்போ பிரமாதமாக வரும். அதனால் முடிவுப் பட்டியலின் உச்சியில் இருப்பவற்றைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். ஆர்என்ஏ வரிசையாக்கத்திலும் இதே கதை வேறு வேடத்தில் வரும்: ஒப்பிட வைத்திருக்கும் மாதிரி வரிசையான மேற்கோள் மரபணுத்தொகுதியோடு ஒத்த எழுத்துள்ள வாசிப்புகள் எளிதில் பொருந்தும், மற்றவை உதிரும். தொலைவு இக்யூடிஎல் (தூரத்து மரபணுவை மாற்றும் டிஎன்ஏ இடம்) என்று கொண்டாடியது, வேறு குரோமோசோமில் உள்ள போலி மரபணுவின் (ஒரு மரபணுவின் செயலிழந்த நகலின்) வாசிப்புகள் தவறிப் பொருந்தியதாக முடிந்த கதைகளும் உண்டு.

அடுத்தது தேதி. அளந்த காலம் வேறானால் அதனாலேயே எண்களும் வேறாகலாம். 2007இல் ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினரின் மரபணு வெளிப்பாடு பெரிதும் வேறுபடுகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பியர் மாதிரிகள் பெரும்பாலும் 2003-04இலும், ஆசியர் மாதிரிகள் 2005-06இலும் அளக்கப்பட்டவை என்பதை விமர்சகர்கள் சுட்டினார்கள். வம்சமா, வருடமா? இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கொண்ட பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஆர்என்ஏ எடுத்த தேதிக்கென்று ஒரு நெடுவரிசை இல்லாத தரவுக் கோப்பை இப்போதெல்லாம் நான் ஏற்பதே இல்லை, திருப்பி அனுப்பிவிடுகிறேன்.